எண்ணூர் வானில் யாருக்கு எண்?

249 கிராம் எடை, அடியில் ஒரு கேமரா. உள்ளங்கையில் அடங்கும் இந்த வகை ட்ரோன் உலகெங்கும் விற்கிறது. எடை ஏன் 250-க்கு ஒரு கிராம் குறைவாக நிற்கிறது என்பதில் மர்மம் இல்லை. பல நாட்டுச் சட்டங்கள் 250 கிராமில் கோடு போடுகின்றன. கம்பெனிகள் கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுகொள்கின்றன. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தச் சாமர்த்தியம் பாதிதான் பலிக்கும். ஸ்டுட்கார்ட்டில் குடியிருக்கும் ஒரு தமிழர் அதைக் கிளப்ப நினைத்தால், முதலில் தன்னை ஆபரேட்டராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். எடை குறைவுதான், ஆனால் கேமரா மனிதர்களைப் பார்க்கிறது. தனிமனிதத் தரவைப் பிடிக்கக்கூடிய எந்தக் கருவி பொருத்தியிருந்தாலும் பதிவு கட்டாயம். விளையாட்டுப் பொம்மை என்று சட்டப்படி சான்று பெற்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

அதே இயந்திரம் எண்ணூர் தாழங்குப்பம் மணலில் இருந்து எழும்பினால் இந்திய விதிகளில் அதன் பெயர் ‘நானோ’. அதற்கு வகைச் சான்றிதழ் வேண்டாம், ஓட்டுபவருக்குப் பைலட் சான்றிதழ் வேண்டாம், மூன்றாம் தரப்புக் காப்பீடும் வேண்டாம். கேமரா இருக்கிறதா என்று அந்த வகைப்பாடு கேட்பதே இல்லை. 250 கிராம், 2 கிலோ, 25 கிலோ, 150 கிலோ என்று எடையைப் படிப்படியாக அடுக்கி, எந்தப் படியில் நிற்கிறதோ அதற்கேற்ற கட்டுப்பாட்டை விதிப்பதே இந்திய வழி.

பறக்கும் பொருளுக்கு யார் பொறுப்பு என்ற ஒரே கேள்விக்கு இரு சட்டங்களும் தரும் பதில்கள் வேறு. துறைமுகங்கள், சுத்திகரிப்பு ஆலை, அனல் மின்நிலையங்கள், மீனவக் குப்பங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கும் வடசென்னையில், எந்தப் பதில் சட்டமாகிறது என்பதைப் பொறுத்து யார் மேலிருந்து பார்க்கலாம், யார் பார்க்கப்படுவதோடு சரி என்பது முடிவாகிறது.

ஐரோப்பிய முறையை முதலில் பார்த்துவிடலாம். 2019-இல் இயற்றப்பட்ட 2019/947 என்ற எண்ணுள்ள ஒழுங்குமுறை, பெருந்தொற்றால் சில மாதம் தள்ளிப்போய், 2020 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விதி. இப்போது குடியிருக்கும் நாட்டில் ஒரு முறை பதிந்தால் போதும். பிரான்சில் பதிந்தவர் இத்தாலியில் மறுபடி பதிய வேண்டியதில்லை, பதியவும் கூடாது. சென்னையிலிருந்து சுற்றுலா போகிறவருக்கும் வழி இருக்கிறது: முதலில் எந்த நாட்டில் பறக்கவிடப் போகிறாரோ அங்கே பதிய வேண்டும்.

பதிந்தவருக்குக் கிடைக்கும் எண் அவருடையது, ட்ரோனுடையது அல்ல. அவரிடம் மூன்று ட்ரோன் இருந்தால் மூன்றிலும் அதே எண்ணை ஒட்டுகிறார். விற்றால் எண்ணைக் கிழித்துவிட்டு விற்கிறார். நாட்டைக் குறிக்கும் மூன்று எழுத்துகளில் தொடங்கும் அந்த எண்ணில் வெளியே தெரிவது பதினாறு குறிகள். அவற்றுக்குப் பின்னால் மூன்று ரகசியக் குறிகள் உண்டு. அவை ஆபரேட்டருக்கு மட்டும் தெரியும். ட்ரோனின் மென்பொருளில் எண்ணை ஏற்றும்போது அந்த மூன்றும் சேர்ந்தால்தான் எண் செல்லும். இன்னொருவர் ட்ரோனில் எழுதியிருப்பதைப் பார்த்து நகலெடுத்துத் தன் ட்ரோனில் போட்டுக்கொள்ள முடியாது. 2024 ஜனவரி 1 முதல், வகுப்பு முத்திரை பெற்ற பெரும்பாலான ட்ரோன்கள் பறக்கும்போதே இந்த எண்ணையும், தாம் இருக்கும் இடத்தையும், ஓட்டுபவர் நிற்கும் இடத்தையும் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். கீழே நிற்பவர் கைபேசியில் அதைப் பிடிக்கலாம். பெயர் தெரியாது, எண் தெரியும். பெயர் அதிகாரிகளிடம் இருக்கிறது.

ஆபரேட்டர் வேறு, பைலட் வேறு என்பதையும் அந்தச் சட்டம் தெளிவாகப் பிரிக்கிறது. கல்யாண வீடியோ கம்பெனி ஆபரேட்டர். அதில் வேலை பார்க்கும் பையன் பைலட். சிறு ட்ரோன்களுக்கான பைலட் தேர்வு இணையத்திலேயே நடக்கும்: நாற்பது கேள்விகள், எழுபத்தைந்து சதவீதம் எடுக்க வேண்டும். பொதுவான குறைந்தபட்ச வயது 16. பள்ளிச் சான்றிதழ் எதையும் யாரும் கேட்பதில்லை. இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, காசிமேட்டுக்கு வரும்போது தேவைப்படும்.

இந்தியக் கதை தடையில் தொடங்குகிறது. 2014 அக்டோபர் 7 அன்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது: விதிகள் வகுக்கப்படும் வரை அரசு சாராத எந்த அமைப்பும் தனிநபரும் எந்தக் காரணத்துக்காகவும் ஆளில்லா வானூர்தி பறக்கவிடக் கூடாது. அந்தத் தடை நான்கு ஆண்டு நீடித்தது. 2018 ஆகஸ்டில் வெளிவந்து டிசம்பர் 1 முதல் அமலான விதிகளில் இரண்டு பதிவுகள் இருந்தன. இயந்திரத்துக்கு ஒரு தனி அடையாள எண், கட்டணம் 1,000 ரூபாய். ஆபரேட்டருக்கு ஓர் அனுமதிப் பத்திரம், கட்டணம் 25,000 ரூபாய். ஐரோப்பா பின்னாளில் எந்த இடத்தில் எண்ணை வைத்ததோ, அந்த இடத்தில் இந்தியா ஒரு சுங்கச்சாவடியை வைத்தது. தெருவோர ஸ்டூடியோக்காரரால் அதைத் தாண்ட முடியாது. அவர் தாண்டாமலே ஓட்டினார். நாடு முழுக்க எத்தனை ட்ரோன் திருட்டுத்தனமாகப் பறக்கிறது என்று அரசுக்கே தெரியாமல் போய், 2020 ஜனவரியில் தாங்களாகவே முன்வந்து விவரம் சொல்லுங்கள் என்று ஒரு சலுகைத் தேதி கொடுக்க வேண்டிவந்தது.

2021-இல் ஒரே ஆண்டில் விதி இரண்டு முறை மாறியது. மார்ச் 12-இல் கடுமையான ஒரு தொகுப்பு. தொழில்துறை கூச்சலிட்டது. ஜூன் 27-இல் ஜம்மு விமானப்படைத் தளத்தின் மீது ட்ரோன் தாக்குதல் நடந்தபோது, இனி இருக்கும் கதவும் மூடும் என்றே பலரும் நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். ஜூலையில் தளர்த்தப்பட்ட வரைவு, ஆகஸ்ட் 25-இல் ‘ட்ரோன் விதிகள் 2021’. படிவங்கள் 25-லிருந்து ஐந்தாகச் சுருங்கின, கட்டண வகைகள் 72-லிருந்து நான்காயின, இயந்திரத்தைப் பதிய 100 ரூபாய் போதும் என்றானது. ஆபரேட்டர் அனுமதிப் பத்திரம் அடியோடு ஒழிந்தது.

அந்த ஒழிப்பை வரவேற்காதவர் இல்லை, அதில் நியாயமும் இருந்தது. ஆனால் 25,000 ரூபாய் என்ற தடைக்கல்லை அகற்றியபோது, ஆபரேட்டர் என்ற ஆளையும் சேர்த்தே அகற்றிவிட்டார்கள் என்பது என் வாசிப்பு. இப்போது எஞ்சியிருப்பது இயந்திரத்தின் எண். அது ட்ரோனின் தொடர் எண்ணோடும், அதன் பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகையின் எண்ணோடும், கையில் பிடிக்கும் ரிமோட்டின் எண்ணோடும் கட்டப்பட்டிருக்கிறது. மோட்டார் வாகனத்தின் ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் இருப்பதைப் போல. விமானங்களுக்கு வி.டி. என்று தொடங்கும் குறி கொடுத்துப் பழகிய துறை, ட்ரோனையும் சின்ன விமானமாகவே பார்த்தது. ஐரோப்பாவோ அதிக ஆபத்துள்ள ‘சான்றளிக்கப்பட்ட’ வகைக்குத்தான் இயந்திரப் பதிவு கேட்கிறது.

நானோவைத் தாண்டிய ட்ரோன்களின் இயந்திரப் பதிவுக்கு வகைச் சான்றிதழ் முன்நிபந்தனை. சந்தையை ஆண்ட சீன ட்ரோன்களுக்கு அது இல்லை. 2022 பிப்ரவரி 9 முதல் முழு ட்ரோனை இறக்குமதி செய்வதே தடை. ஆராய்ச்சி, பாதுகாப்புத் தேவைகளுக்கு மட்டும் விலக்கு. 2021 நவம்பர் 30-க்கு முன்பு நாட்டுக்குள் வந்தவற்றைப் பதிய ஒரு மாதம் போல அவகாசம் தந்தார்கள், அதற்கும் ஜி.எஸ்.டி. கட்டிய ரசீது வேண்டும். பர்மா பஜார் வழியில் பொருள் வாங்கிப் பழகிய ஊரில் ரசீது கேட்டால் என்ன கிடைக்கும்? மஞ்சள் நீராட்டு விழா மண்டபத்துக்கு மேலே வட்டமடிக்கும் ட்ரோனுக்கு எண் இல்லாமல் போவது பல வேளை இப்படித்தான். எடுப்பவருக்கு ஒரு பெயரும் முகவரியும் இருக்கிறது. அதைப் பதிந்துகொள்ள மட்டும் ஏற்பாடு இல்லை.

இயந்திரம், ஆள் இரண்டையும் ஒருசேரப் பதிவது நடக்காத காரியமா? காசிமேட்டில் அது பழகிப்போன நடைமுறை. மீன்பிடித் துறைமுகத்தில் அணைந்திருக்கும் ஒவ்வொரு விசைப்படகின் பக்கத்திலும் நாட்டையும் மாநிலத்தையும் குறிக்கும் எழுத்துகளோடு பதிவெண் எழுதியிருக்கும். தமிழ்நாட்டில் 1983-ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் படகைப் பதியச் சொன்னது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு படகு மட்டும் போதாது என்று முடிவானது. தாக்க வந்தவர்கள் கைப்பற்றியது முறையாகப் பதிவான ஒரு இந்திய மீன்பிடிப் படகு. படகின் எண் அதில் இருந்தவர்கள் யார் என்று சொல்லவில்லை. அதன் பின் கடலோர மீனவர்களுக்குக் கைரேகை பதித்த அடையாள அட்டை வந்தது. இன்று கடலோரக் காவல்படை நடுக்கடலில் படகை நிறுத்தினால் இரண்டையும் கேட்கும். கடலில் அரசு கற்றுக்கொண்ட பாடம் வானத்துக்குப் போய்ச் சேரவில்லை. இத்தனைக்கும் ட்ரோன் விஷயத்தில் ஆள் இயந்திரத்துக்குள் இல்லாமல் அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு மொட்டைமாடியில் நிற்கிறார், ஆளின் எண் அங்கேதான் இன்னும் அதிகம் தேவை.

பைலட் சான்றிதழ் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் நானோவுக்கு அது வேண்டாம், அதற்கு அடுத்த படியான, 2 கிலோ வரையிலான ‘மைக்ரோ’வுக்கும் வணிகம் சாராதது என்றால் வேண்டாம். தேவைப்படுபவர்கள் 18 வயது நிரம்பி, 65-க்கு உட்பட்டு, பத்தாம் வகுப்புத் தேறி, அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பயிற்சி முடித்திருக்க வேண்டும். சான்றிதழ்க் கட்டணம் 100 ரூபாய்தான்; பயிற்சிக் கட்டணம் பல்லாயிரம். எட்டாவதோடு படிப்பை விட்டுக் கடலுக்குப் போனவர், ஜி.பி.எஸ்.-ஸும் எக்கோ சவுண்டரும் கையாளும் திறமைசாலியாக இருந்தாலும், கூலிக்கு ட்ரோன் ஓட்ட முடியாது. இந்தத் தகுதி வரம்புக்குப் பாதுகாப்பு சார்ந்த காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

இனி வரைபடம். இரு சட்டங்களும் உயர வரம்பில் ஒத்துப்போகின்றன: 120 மீட்டர், 400 அடி. வல்லூர் அனல் மின்நிலையப் புகைபோக்கியில் பாதிகூட ஆகாத உயரம் அது. ஆனால் முகத்துவாரக் குப்பத்தில் நின்று அந்த உயரத்துக்கு ஏற்றினால் கொசஸ்தலை ஆற்றின் வாய், பக்கிங்காம் கால்வாய் வந்து சேரும் இடம், சாம்பல் குழாய்களின் பாதை, நிலக்கரி முற்றம், துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் எல்லாமே ஒரே பார்வையில் வந்துவிடும். இந்தியாவில் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்த வரைபடம் 2021 செப்டம்பர் 24-இல் வெளியானது. விமான நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதை வைத்து நகரின் தென்பகுதிக்கு நிறம் விழுகிறது. மீனம்பாக்கத்திலிருந்து வடசென்னை வெகுதூரம்; அந்தக் கணக்கில் திருவொற்றியூர் சுதந்திரமான இடம். சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. மத்திய அரசின் அனுமதியோடு மட்டும் பறக்கக்கூடிய சிவப்பு மண்டலமாக நிலத்தின் மேலும் கடலின் மேலும் எந்தப் பகுதியையும் அரசு குறிக்கலாம். சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை, மின்நிலையங்கள், கடற்படையும் கடலோரக் காவல்படையும் இருக்கும் இடங்கள் என்று வரிசையாக அமைந்த கரை இது. 2018 விதிகளில் மாநிலத் தலைமைச் செயலகத்தைச் சுற்றி 3 கிலோமீட்டரும் தடையாக இருந்தது; கோட்டையில் காம்பஸ் முனையை ஊன்றி வட்டம் போட்டால் ராயபுரத்தின் தென்கோடி அதற்குள் விழுந்துவிடும். கடல் பக்கமும் கரையிலிருந்து 500 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றிருந்தது.

துறைமுகத்துக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதித்தொகுப்பு பன்னாட்டுக் கப்பல்கள் வந்துபோகும் துறைமுகங்களை வேலிக்குள் கொண்டுவந்தது. ஆனால் வேலி எதை மறைக்கிறது என்பதும் பார்க்கப்பட வேண்டியதே. எண்ணூர் கழிமுகத்தின் போராட்டம் பெரும்பகுதி வரைபடத்தைச் சுற்றியே நடந்திருக்கிறது. 1996-ஆம் ஆண்டுக் கடற்கரை மண்டலத் திட்ட வரைபடத்தில் இருந்த கழிமுக நீர்ப்பரப்பு, பிற்பாடு அரசுத் தரப்பில் தரப்பட்ட வரைபடத்தில் காணாமல் போய்விட்டது என்று 2017-இல் மீனவர்களும் சூழலியலாளர்களும் குற்றம் சாட்டினார்கள். நீர் எங்கே இருந்தது, எங்கே இல்லை என்பதே வழக்காகும் ஊரில், மேலிருந்து எடுத்த தேதியிட்ட ஒரு படம் ஆவணம்.

2017 ஜனவரி 28 அதிகாலை காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றே முதல் அறிவிப்பு சொன்னது. அடுத்த நாட்களில் கரையில் கறுப்புக் குழம்பு ஒதுங்கியது. தன்னார்வலர்களும் மீனவர்களும் வாளியால் அள்ளியதை நாடே பார்த்தது. அள்ளிய கழிவு 100 டன்னைத் தாண்டியது. அந்த நாட்களில் குப்பத்து இளைஞர் ஒருவர் ட்ரோனைக் கிளப்பிக் கசிவின் பரப்பைப் படமெடுத்திருந்தால், சட்டப்படி குற்றவாளி அவர்தான்: 2014 தடை அமலில் இருந்தது. 2023 டிசம்பர் 4-இல் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி எண்ணூர் கழிமுகத்துக்குள் பரவியது. கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரில் பறந்து பார்த்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு விசாரித்தது. எண்ணெய் எவ்வளவு, எங்கிருந்து, எந்த நாளில் எங்கே எட்டியது என்ற கேள்விகளிலேயே விசாரணை சுற்றியது. இம்முறை தடை இல்லை, தாராளமான விதிகள் இருந்தன. ஆனால் ஆலையைச் சுற்றிலும் துறைமுகத்தைச் சுற்றிலும் அந்தத் தாராளம் எட்டவில்லை.

மேலிருந்து பார்ப்பவர்கள் வேறு ஆட்கள். நிலக்கரிக் குவியலின் கன அளவை ட்ரோனால் அளப்பது இன்று சாதாரணம். மாநகராட்சி நீர்வழிகளில் ட்ரோன் மூலம் கொசுப்புழு மருந்து தெளித்திருக்கிறது. சென்னைக் காவல்துறை 2023 ஜூனில் அடையாறில் ட்ரோன் பிரிவைத் தொடங்கியது. கூட்டத்தைக் கண்காணிப்பது அதன் வேலைகளில் ஒன்று. தமிழக அரசுக்கென்று ஆளில்லா வான்வாகனக் கழகமே இருக்கிறது. விதிகளிலிருந்து விலக்கு முப்படைகளுக்கு மட்டும்தான், ஆகவே காவல்துறை ட்ரோனுக்கும் எண் வேண்டும். கூரைக்கு மேலே ஒன்று நிற்கும்போது அந்த எண்ணைக் கீழே இருப்பவர் எப்படிப் படிப்பார்? ஐரோப்பாவில் எண்ணை ஒலிபரப்பும் ஏற்பாட்டுக்கு இணையான கருவிகளை 2021 விதிகள் பிறகு அறிவிக்கப்படும் என்று தள்ளி வைத்தன.

அந்தரங்கத்தைப் பற்றி 2018 விதிகளிலும் 2021 மார்ச் விதிகளிலும் ஓரிரு வரிகளாவது இருந்தன. ஆகஸ்ட் விதிகளில் அதுவும் விழுந்துவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 24-இல். நான்கு ஆண்டும் ஒரு நாளும் கழித்து வந்த விதிகள் அந்தச் சொல்லையே உச்சரிக்கவில்லை. வாசலிலேயே குளிப்பும் சமையலும் நடக்கும் குப்பத்து வீடுகளுக்கு இது ஏட்டுப் பிரச்சினை இல்லை.

பதிவை மந்திரக்கோலாகவும் நினைக்க வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் லண்டன் காட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் பார்த்ததாகச் செய்தி வந்து சுமார் 1,000 விமானங்கள் பாதிக்கப்பட்டன, 1,40,000 பயணிகள் தவித்தார்கள். யார் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை. அடுத்த ஆண்டு நவம்பர் 30-இல் பிரிட்டன் ஆபரேட்டர் பதிவைக் கட்டாயமாக்கியது. காட்விக்கில் கெட்ட எண்ணத்தோடு ஒருவர் இருந்திருந்தால் அவர் பதிந்திருக்கப் போவதில்லை. ஆபரேட்டர் பதிவின் பயன் வேறு இடத்தில்: கவனக்குறைவானவரைக் கண்டுபிடிப்பதிலும், கேமராவைத் தவறாகத் திருப்பியவரிடம் கணக்குக் கேட்பதிலும், ஒழுங்காகப் பறப்பவர் எடுத்த படத்துக்கு ஒரு சட்ட மதிப்புத் தருவதிலும். கடைசியாகச் சொன்னது எண்ணூருக்கு முக்கியம். எண்ணில்லாத ட்ரோன் எடுத்த படத்தைத் தீர்ப்பாயத்தில் வைப்பவர், முதலில் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

2025 செப்டம்பரில் மத்திய அரசு கருத்துக் கேட்புக்கு விட்ட சிவில் ட்ரோன் வரைவு மசோதா திசையை மறுபடியும் மாற்றுகிறது. வகைச் சான்றிதழும் இயந்திர எண்ணும் இன்னும் இறுக்கமாகின்றன. மீறலுக்குச் சிறை, காவல்துறைக்குச் சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் அதிகாரம். எண் கேட்பதும் தண்டிப்பதும் கூடியிருக்கின்றன. ஆபரேட்டரை இலவசமாக அல்லது 100 ரூபாயில் பதிந்துகொண்டு, அவருடைய எல்லா ட்ரோனுக்கும் ஒரே எண் கொடுத்து, பத்தாம் வகுப்பு நிபந்தனையை எடுத்துவிட்டு இணையத் தேர்வு ஒன்றை வைத்தால், ராயபுரத்து ஸ்டூடியோக்காரரும் தாழங்குப்பத்து இளைஞரும் சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். தமிழில் தேர்வு நடத்துவதற்கும் பெரிய செலவு ஆகாது.

அப்போதும் சிவப்பு மண்டலம் மிச்சமிருக்கும். இப்போதைய விதிகளின்படி, காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத ஓர் அதிகாரி நினைத்தால் எந்த இடத்தையும் 96 மணி நேரத்துக்குத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். எண்ணெய் கொட்டிய நாளில், கழிமுகத்துக்கு மேலுள்ள வானத்தை அதே 96 மணி நேரத்துக்குப் பதிவுபெற்ற உள்ளூர் ஆபரேட்டர்களுக்குத் திறந்துவிட, மாவட்ட ஆட்சியருக்கோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கோ எந்தப் பிரிவும் அதிகாரம் தரவில்லை.